தங்கை கட்டிப் போன பட்டை

அந்தப் பட்டை சனிக்கிழமை விடிகாலைகளில் யார் கையில் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை கையில் இருந்தது. சுற்றி வளைத்துக் கடைசியில் போட்டு உடைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. ஓய்வு பெறும்வரை கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடையைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் வழிமுறைக்கு வருவேன். பிள்ளைகள் அதற்காக என்னைப் பார்த்து முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பட்டை அவளுக்காக வாங்கியதல்ல. அவள் வீட்டுக்காரருக்காக வாங்கியது. அவர் சைதாப்பேட்டைக்காரர், பையன்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். விசில் ஊதி ஊதித் குரல் கட்டையாகிப்போன மனிதர். ரிடையர் ஆன பிறகும் பெசன்ட் நகர் கடற்கரையில் பழைய கூட்டாளிகளோடு ஓடிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஓடிவிட்டு வந்து குளிக்கப் போனவர் குளியலறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கொஞ்ச காலத்துக்கு ஓட்டம் கிடையாது, மூச்சு வாங்க நடப்பதும் கிடையாது என்று மருத்துவர் கறாராகச் சொன்னார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் அடுத்த வாரமே, மணிக்கட்டில் கட்டி நாடி பார்க்கும் அந்தப் பட்டையோடு வந்து இறங்கினான். அவன் கம்பெனி செய்வது அதுதான். சாந்தோமில் தங்கை வீட்டு மூன்றாவது மாடியில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவன் அப்பாவின் விரலை வைத்து அழுத்தினான், முகத்தைப் படம் எடுத்தான், என்னென்னவோ செய்தான்.

"இன்னா நைனா இது, கைதிக்கு மாட்ற மாதிரி?" என்றார் அவர்.

"சும்மா வாட்ச் இல்லப்பா. உங்க துடிப்பு, தூக்கம், நடை, போற எடம் எல்லாம் அப்பப்ப பிளாக்செயின்ல ஏறிடும், சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே போற பதிவு. ஒரே எடத்துல இருக்காது, எங்கெங்கயோ இருக்கற கம்ப்யூட்டர்ல எல்லாம் அதே பதிவு இருக்கும். ஆஸ்பத்திரிக்காரன் மாத்த முடியாது, இன்சூரன்ஸ்காரன் மாத்த முடியாது. நானே நெனச்சாலும் அழிக்க முடியாது."

"தப்பா ஏறிட்டா?" என்று நான் கேட்டேன்.

"எப்படி பெரியம்மா தப்பா ஏறும்? மெஷின் பாத்து எழுதறது."

"அப்ப ரப்பர் இல்லாத பென்சில்னு சொல்லு."

அவன் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை. அவள் கவலையே வேறு. யாராவது உள்ளே புகுந்து அவர் விவரத்தைக் கெடுத்துவிட்டால் என்ன ஆவது என்று கேட்டாள். பையன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான். "அம்மா, அப்பா கைரேகை, அப்பா மூஞ்சி வச்சுப் பூட்டியாச்சு. இதுல அப்பாவோடது மட்டும்தான் ஏறும். வேற ஒருத்தரோடது ஏறவே ஏறாது."

அவன் சொன்னது பூட்டைப் பற்றி, வெளியாள் யாரும் கணக்குக்குள் புக முடியாது என்று. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒருதரம் கொடுத்த ஞானஸ்நானத்தை அழிக்க முடியாதது போல, அவர் பேரில் பூட்டிய பட்டையில் அவர் நாடி தவிர வேறெதுவும் ஏறாது என்று நம்பிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. படித்த பிள்ளை, பெற்ற பிள்ளை, அத்தனை உறுதியாகச் சொன்னது.

மாஸ்டர் முணுமுணுத்தாலும் கட்டிக்கொண்டார். வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை படுக்கப்போகும்போது கழற்றி ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் போடுவார். சனிக்கிழமை எழுந்து காபி குடித்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்வார். அவர் எழுந்திருக்க எட்டு மணி ஆகும். ஓட்டம் போனபின் காலையில் எழுந்து என்ன செய்வது என்று வேண்டுமென்றே தூங்கினார்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது சீக்கு என்றால், அவருக்குப் பதிலாக இன்னொருவர் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்வோம். சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் வழியாக, அடையாற்றுப் பாலம் தாண்டி, பெசன்ட் நகர் வரை. நடக்கும்போது சீக்காளியின் பொருள் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எங்கள் அப்பாவுக்காக அம்மா நடந்தபோது அவருடைய வேர்வைச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நேர்ச்சை முடியும்வரை, கூட நடப்பவரைத் தவிர வேறு யாரிடமும் வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. சொன்னால் பலிக்காது.

என் தங்கை சனிக்கிழமைகளை நேர்ந்துகொண்டாள். வீட்டில் உள்ளூர்க் கோயில் விடிகாலைப் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டு நடந்தாள். அவருடைய பொருளாக அவள் எடுத்துக்கொண்டது சட்டை அல்ல. ஃபிரிட்ஜ் மேலிருந்த பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஜெபமாலைக் கூட்டத்தில் அவளோடு பழகிய ஒரு பெண் கூட நடந்திருக்கிறாள். இது என்ன கையில் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "இது அவரோட இருதயம். மாதா காலடியில வச்சு எடுத்துட்டு வரேன்" என்றாளாம்.

பெங்களூரிலிருந்து முதல் போன் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாஸ்டர் அதை ஸ்பீக்கரில் போட்டார், நானும் கூட இருந்து கேட்டேன், ஏனென்றால் அன்று அங்கே மீன் குழம்பு.

"அப்பா, காலையில பெசன்ட் நகர்ல என்ன பண்ணீங்க?"

"நானா? நான் தூங்கிக்கினு இருந்தேன்டா."

"பொய் சொல்லாதீங்கப்பா. சாந்தோம்லேர்ந்து பீச் வரைக்கும் போயிருக்கீங்க. பல்ஸ் தாறுமாறா ஓடியிருக்கு. நடுவுல நின்னு நின்னு ஓடுது. ஓடக்கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரா இல்லயா?"

மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். தங்கையைப் பார்த்துக் கேட்டார். "நீயே சொல்லு. நான் இங்க படுத்துனு இருந்தேனா இல்லியா?"

அவள் குழம்புக் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "நான் பூசைக்குப் போயிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. கணவன் திருட்டுத்தனமாக ஓடப் போகிறார் என்ற பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, உங்களுக்கு வெட்கமா இல்ல? செத்துப் பிழைச்சு வந்தும் அந்தக் கூட்டாளிப் பசங்க கேக்குதா?" என்று கிழித்துவிட்டேன். பாவம், பட்டை ஃபிரிட்ஜ் மேல்தான் கிடந்தது என்று அந்த மனுஷன் சொல்லியும் நாங்கள் நம்பவில்லை, கட்டிக்கொண்டு ஓடிவிட்டு வந்து அங்கே போட்டிருப்பார் என்றோம். ஒரு பக்கம் வாழ்நாள் முழுக்க ஓட்டப் பைத்தியமாக இருந்தவர் வாய்ச்சொல், இன்னொரு பக்கம் யாராலும் மாற்ற முடியாத சங்கிலி. எங்களுக்குச் சங்கிலிதான் பெரிதாகப் பட்டது.

சனிக்கிழமைதோறும் அதே கதை ஆயிற்று. மற்ற நாள்களில் நாடி சாதுவாக இருக்கும். சனிக்கிழமை விடிந்தால் பாலத்து ஏற்றத்தில் அது துள்ளும், அப்புறம் திடீரென்று தடுமாறி ஒரு கணம் காணாமல் போகும், மறுபடி வரும். பையன் அந்தக் கோடுகளைப் படமாக எனக்கும் அனுப்பினான். கோணல்மாணலாக, சின்னக் குழந்தை கிறுக்கினது போல இருந்தது. யாருடையது என்று தெரியாமலே பயந்தேன்.

ஆழ்வார்பேட்டைக்கு அழைத்துப் போனோம். அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ஒருநாள் முழுக்க நெஞ்சில் வேறொரு கருவியை ஒட்டி அனுப்பினார்கள், அதிலும் ஒன்றுமில்லை. மருத்துவர் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. பையன் அனுமதி கொடுத்திருந்ததால் பட்டையின் பதிவு முழுவதும் அவர் கம்ப்யூட்டரில் வந்து நின்றது.

"நாங்க எடுத்த அன்னிக்கு வரல, அவ்வளவுதான். இந்த ரெக்கார்டுல யாரும் கை வைக்க முடியாது சார். இது நிஜம். இப்படி நின்னு நின்னு ஓடற ஹார்ட்டை இப்படியே விட முடியாது. பேஸ்மேக்கர் வச்சிடலாம்" என்றார்.

"டாக்டர், நான் ஓடலை" என்றார் மாஸ்டர். அத்தனை மைதானங்களை அதட்டிய குரல் அன்று கெஞ்சியது.

மருத்துவர் புன்னகைத்தார். மறுக்கிற நோயாளிகளை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் நெற்றியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஏ.சி. அறையில் எதற்கு இவளுக்கு வேர்க்கிறது என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இருதயம் இவ்வளவு கெட்டுப்போய்விட்டதே என்ற கவலை என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அன்று வீடு திரும்பி மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி?" என்றால் "வயசாவுதுல்லக்கா" என்றாள். பாதம் வீங்கியிருந்தது. "தண்ணில ரொம்ப நிக்கறேன்" என்றாள். அவரைச் சுற்றி மகன், மருத்துவர், கருவி, எங்கோ இருக்கும் ஆயிரம் கம்ப்யூட்டர். அவளுக்கு ஒரு தெர்மாமீட்டர்கூட யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அதற்குமேல் நடந்ததுதான் கொடுமை. அவர் இருதயம் மோசமாகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் நேர்ச்சையைக் கூட்டிக்கொண்டாள். கூட நடந்த பெண்தான் இதையும் சொன்னாள். அதுவரை போகும்போது மட்டும் நடந்து, திரும்புகையில் பஸ் ஏறியவள், திரும்புவதையும் நடக்க ஆரம்பித்தாளாம். கடைசிக் கொஞ்சதூரம் மணலில் முழங்கால் போட்டுப் போனாளாம். அந்தப் பெண், "அக்கா, இதைக் கட்டிக்கிட்டு நீ நடக்கறதுனாலதான் தப்பா காட்டுதோ?" என்று ஒருதரம் கேட்டிருக்கிறாள். அதற்கு இவள், "நடை என்னோடது. துடிப்பு அவரோடது. அவரோடது மட்டும்தான் இதுல ஏறும்னு எம் புள்ளையே சொல்லியிருக்கான்" என்றிருக்கிறாள். பட்டை துள்ளத் துள்ள அவள் வேகமாக நடந்திருக்கிறாள். வேகமாக நடக்க நடக்க அது இன்னும் துள்ளியிருக்கிறது.

பேஸ்மேக்கர் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, எனக்கு நீங்க ஒரு உதவி செய்யணும். நாளைக்கு விடிகாலைல எங்க ஊட்டுக்கு வாங்க. வந்து எம் பக்கத்துல சேர் போட்டு உக்காருங்க. நான் எங்கனா போறேனா பாருங்க. என்னிய யாரும் நம்ப மாட்றாங்கோ. நெஞ்சை அறுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தராவது நம்புங்க."

எனக்குச் சுருக்கென்றது. போனேன். நான் படி ஏறியபோது இருட்டு விலகத் தொடங்கியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே தங்கையின் செருப்பு கிடந்தது. அவர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். "அவ பூசைக்குப் போய்ட்டா" என்றார். செருப்பை விட்டுவிட்டா போனாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவரே காபி போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வழக்கறிஞர் முன்னால் உட்கார்ந்த கட்சிக்காரர்கள் போல, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் போன் அடித்தது. பையன்.

"பெரியம்மா, அப்பா போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. உடனே வீட்டுக்குப் போங்க. அடையாறு பாலத்து மேல நிக்கறாரு. பல்ஸ் ரொம்ப மோசமா இருக்கு. நகரவே இல்ல பெரியம்மா, அங்கயே நிக்கறாரு."

"உங்கப்பா என் எதிர்ல உக்காந்து காபி குடிக்கிறார்டா" என்றேன்.

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். சார்ஜர் ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரும் பார்த்தார். வாசலுக்கு வெளியே, மாடிப்படிக்குக் கீழே கிடந்த செருப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. "மாதாவே!" என்று நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. ஓடக்கூடாது என்று விதிக்கப்பட்ட மனிதர் எனக்கு முன்னால் மூன்று மாடியையும் ஓடி இறங்கினார்.

தெருமுனையில் கிடைத்த ஆட்டோவில் ஏறினோம். "பாலத்தாண்ட போப்பா, சீக்கிரம்" என்றார் அவர். ஆட்டோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முறுக்கினார். போனைக் காதிலிருந்து நான் எடுக்கவே இல்லை. பையன் மூச்சுவிடுவது கேட்டது. "இருக்கு பெரியம்மா, இன்னும் இருக்கு, மெதுவா வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பட்டினப்பாக்கம் தாண்டும்போது, "வரல" என்றான்.

பாலத்தின் நடைபாதையில் சின்னக் கூட்டம். கூட நடந்த பெண் என் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கூட்டத்தைக் கைகளால் விலக்கினார். அவளைத் தரையில் நேராகக் கிடத்தி, மண்டி போட்டு, இரண்டு கைகளையும் அவள் நெஞ்சின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அமுக்க ஆரம்பித்தார். பள்ளியில் பையன்களுக்கு முதலுதவி வகுப்பில் அதைத்தான் அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். விடாமல், ஒரே கதியில், சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்கினார். வேர்வை அவள் முகத்தில் சொட்டியது. அவள் மணிக்கட்டில் பட்டையின் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா!" என்று போனில் பையன் அலறினான். "வந்துடுச்சு! துடிக்குது! ரெகுலரா துடிக்குது பெரியம்மா!"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அவர் கையைப் பார்த்தேன். அவர் அமுக்கும்போதெல்லாம் பெங்களூரில் அவன் திரையில் துடிப்பு வந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வேன்? ஆம்புலன்ஸ் வந்து, "போதும் சார், நாங்க பாக்கறோம்" என்று அவரைத் தூக்கி நிறுத்தும்வரை அந்தப் பிள்ளை, "துடிக்குது, துடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளை அடக்கம் செய்து கொஞ்ச நாள் போனபின், பையன் மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான். பேஸ்மேக்கரை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படியே அவர் பேரில் இருந்தன, அந்தக் கடைசிச் சனிக்கிழமையும்.

"அழிக்க முடியாதுப்பா" என்றான், எங்களைப் பார்க்காமல். "கீழ ஒரு குறிப்பு மட்டும் சேக்கலாம். அதைச் சேத்துடறேன். இல்லாட்டி இனிமே எந்த டாக்டர் பாத்தாலும் உங்க ஹார்ட் நின்னு போச்சுன்னுதான் காட்டும்."

"இன்னான்னு சேப்ப?"

அவன் திரையைப் பார்த்து வாசித்தான். "'இந்த அளவீடுகள் வேறொருவருடையவை.'"

"பேரு?"

"பேர் போட எடம் இல்லப்பா. இதுல பதிவு பண்ணாதவங்க பேரை ஏத்த முடியாது. வேறொருவர்னுதான் போடலாம்."

மாஸ்டர் குனிந்து அந்தத் திரையைப் பார்த்தார். "வேறொருத்தரா?" என்றார். "யாருடா வேறொருத்தர்? உங்கம்மாவாடா?"

பையன் முகத்தை மூடிக்கொண்டான்.

"கடேசியில துடிச்சுதுன்னியே, அது கூட இதுலதானே கீது? அது எங் கை அமுக்குனது. ஆனா துடிச்சது அவ நெஞ்சு. அதை யாரோடதுன்னு எழுதுவ, சொல்லு. உன் சங்கிலிக்குப் பிரிக்கத் தெரியுமா?"

"தம்பி, நாளைக்கு நீங்க மயங்கி விழுந்தா டாக்டருங்க இதைத்தான் பாப்பாங்க. இதை நம்பித்தான் மருந்து குடுப்பாங்க" என்றேன் நான். பயத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. ஏற்கெனவே ஒருத்தியைக் கல்லறையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் கையை நீட்டி மடிக்கணினியை மூடினார்.

"பாக்கட்டும் அக்கா" என்றார். "எம் பேர்லயே கெடக்கட்டும்."